வீடு பார்க்க வருகிறார்கள்

“நாளைக்குக் காலையில ஒரு பார்ட்டி வீடு பார்க்க வர்றாங்க” என்று ஓனர் போனில் சொன்னதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். வருகிறவர்கள் வரட்டும். அதற்குள் அங்கே வாடகைக்கு இருக்கிற பெரியவளுக்குக் கைநிறைய வேலை இருக்கிறது.

முந்தின நாள் சாயங்காலமே பழைய துண்டுகளைப் பிழியாமல் கூடத்துச் சுவரின் அடியில் ஒட்ட வைத்து, பலகையால் அணை கொடுத்திருந்தாள். காலையில் எடுத்தபோது சுவர் நன்றாக ஊறிக் கறுத்திருந்தது. அதோடு விட்டால் வெறும் ஈரம்தான், வெயில் ஏறினால் காய்ந்துவிடும். அதனால் ஆறிப்போன டீத்தண்ணீரில் ஸ்பாஞ்சைத் தோய்த்து, ஈரத்தின் ஓரத்தை மட்டும் ஒற்றி ஒற்றிப் பழுப்புக் கோடு இழுத்தாள். இப்போது அதைப் பார்க்கிற எவனும் பல மழைக்காலத்துக் கறை என்று சத்தியம் செய்வான்.

அடுத்தது சமையலறை. தொட்டிக்குக் கீழே இருக்கிற வால்வை முக்கால்வாசி மூடினாள். குழாயில் தண்ணீர் நூலாகத் தொங்கியது. குளியலறைச் சாக்கடை மூடியைக் கழற்றி ஒளித்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் வாடை தானாக வந்து சேரும்.

மிச்சம் இருப்பது இருமல். அது மகளின் பொறுப்பு. எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர்.

“அவங்க கிச்சனுக்கு வர்றப்ப இருமணுமா, கூடத்துலயா?”

“கூடத்துல. போன தடவை மாதிரி ஓவரா இருமாதே. அந்தம்மா பயந்துபோய் டாக்டர் நம்பர் எழுதிக் கொடுத்துட்டுப் போச்சு.”

வாலு சிரித்துக்கொண்டே தொண்டையைச் சரிசெய்தாள்.

இதைப் படித்துவிட்டுப் பெரியவளைக் கைகாரி என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அவள் துணி திருத்துகிற தையல்காரி. பேன்ட் உயரம் குறைப்பாள், ஜிப் மாற்றுவாள், இடுப்பு பெருத்தவர்களுக்குத் தையல் பிரித்து விடுவாள். அடுத்தவர் துணியில் ஒரு பட்டன் கூடுதலாக எடுத்துக்கொண்டவள் இல்லை. ஆனால் இந்த வீடு வேண்டும் என்று வந்தபோது, அவள் கையில் இருந்தது டீத்தண்ணீரும் ஈரத்துண்டும்தான்.

பஸ் திரும்பி நிற்கிற கடைசி நிறுத்தத்துக்கும் அப்பால் இருக்கிற பேட்டை இது. வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். முன்னால் லேத் பட்டறை, பின்னால் பிளாஸ்டிக் குடோன். வாடகை கட்டுப்படியாகிறது என்பதைத் தவிர இதைப் பற்றிச் சொல்ல யாருக்கும் நல்ல வார்த்தை இருந்ததில்லை. ரயில் இங்கே வரைக்கும் நீளப் போகிறது என்று அறிவிப்பு வந்ததும் கதையே மாறிவிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள் எல்லாம் வாசல்வாசலாக நின்று விலை விசாரித்தார்கள். ஓனரும் விற்றுவிடத் தீர்மானித்தார்.

எதைக் கேட்டாலும் “பார்க்கலாம்” என்பார் ஓனர். குழாயை மாற்ற வேண்டும் என்றாலும் பார்க்கலாம், கதவு பெயர்ந்துவிட்டது என்றாலும் பார்க்கலாம். “நாங்களே வாங்கிக்கிறோமே” என்று பெரியவளின் கணவர் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். அவர் சொன்ன விலையோ இவர்கள் எட்டிப் பிடிக்கிற உயரத்தில் இல்லை.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த வேலை. வருகிறவர்கள் கறையைப் பார்ப்பார்கள், குழாயைத் திறப்பார்கள், மூக்கைச் சுளிப்பார்கள், போய்விடுவார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் ஓனரின் விலை ஒரு படி கீழே இறங்கும். இறங்கி இறங்கி, கடைசியில் இவர்கள் கைக்கு எட்டுகிற இடத்துக்கே வந்துவிட்டது. பாங்கிலும் போன வாரம் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

இதில் பெரியவளுக்கு ஒரு பெருமை உண்டு. இத்தனை பேர் வந்து போனார்கள், யாரிடமும் அவள் வாயால் ஒரு பொய் சொன்னதில்லை. “ரொம்ப நாளா ஈரமா?” என்று கேட்டால், “பார்க்கிறீங்களே” என்பாள். “எப்படிக் குடியிருக்கீங்க?” என்றால், “பழகிடுச்சுங்க” என்பாள். பொய்யைச் சுவர் சொல்லட்டும், என் நாக்கு சொல்லாது என்பது அவள் கணக்கு.

“எனக்கு இது பிடிக்கலை” என்றார் அவள் கணவர், கூடத்துத் தரையில் உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டே. டைல்ஸ் போடுகிறவர். இந்த வீட்டுத் தரை முழுக்க அவர் கைவேலை. வேலை பார்த்த இடங்களில் மிஞ்சியதைக் கேட்டு வாங்கி வந்து போட்டது. கூடத்தில் வெள்ளை, சமையலறையில் பூப்போட்டது, பின்னறையில் நான்கு வீட்டு மிச்சம் ஒன்றாகக் கலந்தது. வாடகை வீட்டுக்கு எவன் தரை போடுவான் என்று பட்டறைக்காரர்கள் கேலி செய்தார்கள். “என்னிக்காவது நம்மது ஆகும்” என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போட்டார்.

“பிடிக்கலைன்னா விலை இறங்குனப்ப மட்டும் ஏன் பல்லைக் காட்டினீங்க?” என்றாள்.

“அதில்லை. ஓனர் நேத்து என்ன சொன்னார்னு கவனிச்சியா? எல்லாம் பேசி முடிச்சாச்சு, சும்மா ஒரு தடவை பார்த்துட்டுப் போக வர்றாங்கன்னார். குறை இருக்குன்னு தெரிஞ்சேதான் வாங்கறாங்களாம். பார்க்காமலே எவன் வீடு வாங்குவான்?”

“வந்து பார்த்தா ஓடிடுவான்.”

அவர் காலடியில் இருந்த டைல்ஸை விரல் முட்டியால் தட்டினார். அது அவருடைய பழக்கம். உள்ளே சிமெண்ட் பிடிக்காமல் காலியாக இருந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். யோசனை வந்தாலே கை தட்ட ஆரம்பித்துவிடும்.

பெரியவள் கடைசியாகப் பின்னறைக்குப் போனாள். அங்கே அவள் செய்ய ஒன்றும் இல்லை. ஜன்னலுக்கு மேலே, கூரையும் சுவரும் சேர்கிற மூலையில் ஒரு கறை இருந்தது. அதற்கு அவள் துண்டும் வைத்ததில்லை, டீத்தண்ணீரும் தொட்டதில்லை. அது தானாக வந்தது, தானாக வளர்கிறது. கணவர் ஒருநாள் ஏணி போட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். “உள்ள கம்பி துருப்பிடிச்சு உப்பியிருக்கு. என்னிக்கு வேணும்னாலும் பெயர்ந்து விழும். நம்ம வீடுன்னா நானே உடைச்சுக் கட்டிடுவேன். வெளி ஆள்னா செலவைக் கேட்டே ஓடிடுவான்” என்றார். அன்றைக்கே வாலுவின் கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்திவிட்டார்கள்.

பார்க்க ரொம்பச் சாதுவான கறை. வந்தவர்கள் எல்லாம் கூடத்தையும் சமையலறையையும் பார்த்ததோடு திரும்பிவிட்டதால் இதுவரை அதன் பக்கம் யாரும் வந்ததே இல்லை.

கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. வாலு ஓடிப்போய்த் திறந்தாள். திறந்ததும் இருமினாள். பிறகு நிறுத்திக்கொண்டாள்.

“சித்தி? நீங்க எங்க இங்க? இப்ப ஆளுங்க வீடு பார்க்க வருவாங்களே.”

வாசலில் சின்னவள் நின்றாள். பெரியவளின் கூடப்பிறந்த தங்கை. அவளுக்குப் பின்னால் அவள் கணவர், கார் ஷோரூமில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை, சட்டைப்பையில் கண்ணாடி தொங்க நின்றார். அவருக்கும் பின்னால் ஓனர். வேறு யாரும் இல்லை.

பெரியவள் தெருவை எட்டிப் பார்த்தாள். வரவேண்டிய பார்ட்டி இன்னும் வரவில்லை என்றுதான் ஒரு நிமிஷம் நினைத்தாள். மனசு அப்படித்தான். பிடிக்காத விஷயம் வாசலில் வந்து நின்றாலும், அதைத் தாண்டி வேறு யாராவது வருகிறார்களா என்று தேடும்.

“உங்க சொந்தக்காரங்கதான்னு எனக்கே இப்பத்தான் தெரியும்” என்றார் ஓனர். “நல்லதாப் போச்சு. குடும்பத்துக்குள்ளயே இருக்கும்.”

பெரியவளின் கணவர் டீத்தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். சின்னவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். ரொம்ப நேரம் கழற்றினாள்.

“அக்கா, நானே வந்து சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“சொல்லு” என்றாள் பெரியவள்.

சின்னவள் உள்ளே வந்தாள். கூடத்துக் கறையைத் தாண்டிப் போனாள். அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சமையலறைக் குழாயைத் திறக்கவில்லை. வாடை வந்த பக்கம் மூக்கைச் சுளிக்கவில்லை. இதே சின்னவள்தான் முன்பெல்லாம் இந்தப் பேட்டைக்கு வந்தால் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கமாட்டாள். “இங்க எப்படிக்கா தூக்கம் வருது?” என்று கேட்பாள்.

அந்த இடத்தில்தான் பெரியவளுக்கு எல்லாம் விளங்கியது.

போன மாதம் சின்னவள் தன் வீட்டுத் திரைச்சீலைகளைத் திருத்த அக்காவைக் கூப்பிட்டிருந்தாள். அங்கே பெரியவள் தரையில் உட்கார்ந்து ஓரம் தைத்துக்கொண்டே, பேச்சுவாக்கில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். டீத்தண்ணீர், வால்வு, சாக்கடை மூடி, வாலுவின் இருமல் ஒன்று விடாமல் நடித்தே காட்டினாள். சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பெரியவளுக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை. படித்த தங்கை தன்னை மெச்சுகிறாளே என்ற பூரிப்பு. “வீட்ல ஒரு குறையும் கிடையாதுடி. எல்லாம் என் கைவேலை. ஓனரே நம்பிட்டான்னா பாரேன்” என்று சொன்னாள்.

எல்லாம் என்றுதான் சொன்னாள். பின்னறையைப் பற்றிச் சொல்லவில்லை. பெருமை பேசுகிறபோது யார் அதையெல்லாம் பிரித்துச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

“நாங்க வாங்கலைன்னா வேற யாராவது வாங்கத்தான் போறாங்க அண்ணி” என்றார் மாப்பிள்ளை கூடத்தில் நின்றபடி. “ஸ்டேஷன் வரப்போகுது. இந்த ரேட்டுக்கு இனிமே எங்கயும் கிடைக்காது. ஒரு நல்ல டைம், விட்டா போச்சு.”

“பாங்க்ல எங்களுக்கும் ஓகே சொல்லிட்டாங்க” என்றார் டைல்ஸ்காரர் ஓனரைப் பார்த்து. “உங்ககிட்டதான் முதல்ல சொன்னேன்.”

“சொன்னீங்க. நானும் பார்க்கலாம்னு சொன்னேன். அதுக்குள்ள இவங்க அட்வான்ஸே கொடுத்துட்டாங்களே. திங்கக்கிழமை பத்திரம்.”

டைல்ஸ்காரருக்கு வாதாடத் தெரியாது. தரை போடத்தான் தெரியும்.

சின்னவள் அக்காவின் கையைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சின்ன வயசில் ஏதாவது உடைத்துவிட்டால் இப்படித்தான் இழுத்துக்கொண்டு போவாள். அப்போதெல்லாம் பெரியவள் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்வாள்.

“கோவமாக்கா?”

“நான் உன்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னதுடி அது.”

“தெரியும். நான் வேணும்னு பண்ணலை. அவர்கிட்ட விளையாட்டாச் சொன்னேன். அவர்தான் விடலை. எவ்வளவு நாளைக்கு வாடகை கட்டிட்டே இருக்கறது, நமக்கும் ஒண்ணு வேண்டாமான்னு...” சின்னவள் குரலைத் தாழ்த்தினாள். “ஓனர்கிட்ட நான் எதையும் சொல்லலை. துண்டு, டீத்தண்ணி எதுவும். உன்னைக் காட்டிக் கொடுப்பேனா?”

அதையும் ஒரு உபகாரம் மாதிரி சொன்னாள். பெரியவளுக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது.

“எங்களை எப்பக் காலி பண்ணச் சொல்ற?”

“அவசரமே இல்லக்கா. பாப்பா வர்றதுக்குள்ள ரெடி பண்ணினா போதும்.”

“என்ன பாப்பா?”

சின்னவள் தன் வயிற்றில் கையை வைத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை அழுகை என்று பெரியவளுக்குத் தெரியும். பாதி நாள் கூடவே போய் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். இந்தச் செய்தியை வேறு எந்த நாளில் கேட்டிருந்தாலும் தங்கையைக் கட்டிக்கொண்டிருப்பாள். இன்றைக்குக் கை எழவில்லை. சந்தோஷம் வந்தது நிஜம். வந்த சந்தோஷத்தைக்கூட முழுசாக அனுபவிக்க விடாமல் செய்துவிட்டாளே என்று ஆத்திரமாக வந்தது.

“இந்த ரூம்தான் பாப்பாவுக்கு” என்று சின்னவள் சுற்றிப் பார்த்தாள். “ஜன்னல் இருக்கு, காத்து வரும். தொட்டில் கட்டில் அங்க போட்டுக்கலாம்.”

அவள் காட்டியது ஜன்னலுக்கு அடியில். பிறகு தலை நிமிர்ந்தாள். மூலையில் இருந்த கறை கண்ணில் பட்டது. ஒரு நொடி புருவம் சுருங்கியது. உடனே முகத்தில் சிரிப்பு வந்தது, திரைச்சீலை தைத்த நாளில் சிரித்த அதே சிரிப்பு.

“இதுவும் உன் கைவேலைதானே? அவ்வளவு உசரத்துக்கு எப்படிக்கா ஏறின?”

கதவருகே டைல்ஸ்காரர் வந்து நின்றிருந்தார். அவர் மனைவியையே பார்த்தார். வாலு அவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “அது இல்ல சித்தி, அப்பாதான் என் கட்டிலை...” என்று ஆரம்பித்தாள்.

“வாலு, போய் டீக்குப் பால் வாங்கிட்டு வா” என்றாள் பெரியவள்.

“பால் இருக்கேம்மா.”

“போன்னா போ.”

வாலு போனாள். சின்னவள் இன்னும் சிரித்த முகமாகப் பதிலுக்குக் காத்திருந்தாள்.

“ஆமா” என்றாள் பெரியவள். “என் கைவேலைதான்.”

இத்தனை மாதமாகச் சுவர் சொன்ன பொய்களை எல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகாது. சொன்னதும் அவளுக்கு ஒரு நிமிஷம் குளுகுளுவென்று இருந்தது. வாங்கிக்கோ, நல்லா வாங்கிக்கோ என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அந்தக் குரல் தன்னுடையதுதான் என்பதை அவளே ஒத்துக்கொள்வாள்.

அவர்கள் டீ குடிக்கவில்லை. ஓனர் சாவியைப் பற்றி ஏதோ கேட்டார். “பார்க்கலாம்” என்றார் டைல்ஸ்காரர். ஓனர் முகம் போன போக்கைப் பார்த்து வேறொரு நாளாக இருந்தால் பெரியவள் சிரித்திருப்பாள்.

கதவைச் சாத்திவிட்டு அவர் வந்து மெஷினுக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் யாருடைய பேன்ட்டையோ எடுத்து மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் அப்படிச் சொன்ன?”

“வேற என்ன சொல்லணும்? தலைமேல விழும், பார்த்துக்கோன்னு சொல்லி, அவளுக்கு இன்னும் விலை இறங்க வழி பண்ணச் சொல்றீங்களா?”

“அவங்க குறைக்கக் கேட்டிருக்க மாட்டாங்க. ஓடியிருப்பாங்க.” அவர் நிதானமாகவே பேசினார். “மாப்பிள்ளைக்கு ஆணி அடிக்கக்கூட ஆள் வேணும். கூரையை உடைச்சுக் கட்டணும்னு தெரிஞ்சா அட்வான்ஸை அப்பவே திருப்பிக் கேட்டிருப்பார். யோசிச்சுப் பாரு. இத்தனை நாளா இல்லாத குறையைக் காட்டி எல்லாரையும் விரட்டின. இருக்கற ஒரே குறையை இவங்களுக்குக் காட்டியிருந்தா போதும். வீடு நம்ம கைக்கு வந்திருக்கும்.”

அவள் கையில் இருந்த தையல் பிரிக்கிற கத்தி நின்றது.

அதை அவள் யோசிக்கவே இல்லை. ஆத்திரத்தில் தங்கைக்குக் குழி வெட்டுவதாக நினைத்தாள். வெட்டியது தன் வீட்டு வாசலில். உண்மை நாக்கு நுனிவரைக்கும் வந்து நின்றிருக்கிறது, காலணாச் செலவில்லாமல். அதை விழுங்கிவிட்டுப் பொய்யை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

“அதை விடு” என்றார் அவர். “வீடு போனா போகுது. அந்த மூலையில ஒரு பச்சைக் குழந்தை படுக்கப் போகுது.”

பெரியவள் பேன்ட்டை மடியிலிருந்து தள்ளிவிட்டுப் போனை எடுத்தாள். சின்னவள் உடனே எடுத்தாள்.

“சொல்லுக்கா.”

“பின்னறை மூலைல இருக்கே கறை, அது நான் பண்ணினது இல்லடி. நிஜக் கறை. உள்ள கம்பி துருப்பிடிச்சிருக்கு. உங்க மாமா தட்டிப் பார்த்துட்டார். எப்ப வேணும்னாலும் பெயர்ந்து விழும். அதனாலதான் வாலு கட்டிலையே நகர்த்திட்டோம். கோவத்துல அப்படிச் சொல்லிட்டேன்.”

அந்தப் பக்கம் காரின் உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

“அக்கா” என்றாள் சின்னவள். கோபமில்லை, களைப்பான குரல். “உன் கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா இந்த வித்தையை என்கிட்டயேவா காட்டற?”

“வித்தை இல்லடி. சத்தியமா.”

“எல்லாம் உன் கைவேலைன்னு நீதானே அன்னிக்குச் சொன்ன? இப்ப நேர்ல கேட்டப்பவும் ஆமான்னு சொன்ன. வாலுவுக்கு இருமக்கூடச் சொல்லிக் கொடுத்திருக்க, கட்டிலை நகர்த்தத் தெரியாதா உனக்கு?” கொஞ்சம் நிறுத்தினாள். “குழந்தை பேரைச் சொல்லிப் பயமுறுத்துவேன்னு மட்டும் நினைக்கலை. நான் வைக்கிறேன்க்கா.”

போன் கட் ஆனது. டைல்ஸ்காரர் எழுந்து பின்னறைக்குப் போனார். மனைவியின் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்தது. அங்கே அவர் ஏணியைச் சுவரில் சாய்க்கிற சத்தம் கேட்டது.

கூடத்துச் சுவரில் துண்டின் ஈரம் முழுக்கக் காய்ந்துவிட்டது. ஓரத்தில் இழுத்த டீத்தண்ணீர்க் கோடு மட்டும் மிச்சம் இருந்தது. பெரியவள் ஈரத்துணியை எடுத்து அதைத் துடைக்கப் பார்த்தாள். எப்போதும் ஒரே துடைப்பில் போய்விடும் கோடு, இன்றைக்கு அழுத்தித் துடைத்தும் போகவில்லை.

மெஷின் மேல் வைத்திருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. சின்னவள் இல்லை, மாப்பிள்ளை. ஒரு தொட்டில் கட்டிலின் படம் அனுப்பியிருந்தார். மரக்கட்டில், வெள்ளைப் பெயிண்ட். கீழே ஒரு வரி: “ஆர்டர் போட்டாச்சு அண்ணி. ஜன்னலுக்கு அடியில சரியா வருமான்னு டேப் வச்சு அளந்து சொல்றீங்களா?”